வயலும் கட்டடமும்

காவிரிப் படுகையில் நாற்று நடும் கையும் செங்கல் சுமக்கும் கையும் பல குடும்பங்களில் ஒன்றே. ஆதலின், அங்குக் கட்டுமானக் கூலி உயர்ந்த வரலாற்றை அறிய வேளாண் கூலியின் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

தஞ்சையில் கூலி நெடுங்காலம் நெல்லாக அளக்கப்பட்டது. ஒரே பண்ணையைச் சார்ந்து வாழ்ந்த பண்ணையாளுக்கு, அளந்ததைப் பெற்றுக்கொள்வதன்றி வேறு வழியில்லை. 1952இல் இயற்றப்பட்ட பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்ற முயன்றது. ஆயினும், கூலி உயர்வு கேட்டு எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் தீக்கிரையாக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் நிறைவேறியது.

கூலியைச் சட்டம் மட்டும் உயர்த்திவிடவில்லை. மாற்று வேலையும் உயர்த்தியது. நகரங்கள் வளர, கட்டடப் பணிகள் பெருகின. செல்வதற்கு வேறிடம் உள்ள தொழிலாளியே கூலி பேசும் வலிமை பெறுகிறார். நடவுக் காலத்தில் வயலுக்கும் கட்டடத்திற்கும் ஒருங்கே ஆள் தேவைப்படுவதால், ஒன்றில் கூலி உயர்ந்தால் மற்றொன்றிலும் உயர்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தமிழகச் சிற்றூர்களில் ஆண்களின் சராசரி நாட்கூலி கட்டுமானத்தில் சுமார் 501 ரூபாய். வேளாண்மையில் சுமார் 470 ரூபாய். கட்டுமானக் கூலியின் அகில இந்தியச் சராசரி சுமார் 393 ரூபாயே.

எனினும், நாட்கூலியை மட்டும் கொண்டு வருவாயை அளத்தல் தவறு. வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாள்களில் வேலை நின்றுவிடும். அன்று கூலியும் இல்லை. கொத்தனாரின் கூலி சித்தாளின் கூலியினும் மிகுதி. ஆண்கள் சித்தாளாகச் சேர்ந்து கொத்தனாராக உயர்கின்றனர். பெண்களோ பெரும்பாலும் இறுதிவரை சித்தாளாகவே உழைக்கின்றனர். சம வேலைக்குச் சம ஊதியம் என 1976ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஆனால், கரண்டி பிடிக்கும் வேலையே பெண்ணுக்குக் கற்பிக்கப்படாதபோது, அச்சட்டத்தின் பயன் அவரைச் சேரவில்லை.

தமிழகத்தில் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நல வரியாகப் பெறப்பட்டு, விபத்து, ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி முதலியவற்றுக்கு உதவி வழங்கப்படுகிறது. பெரும்பாலும் பதிவு செய்தோர்க்கே இவ்வுதவி உரியது.

வீடு கட்டுவோர் ஏட்டில் கூலி ஒரு செலவு. உழைப்போர் இல்லத்தில் அதுவே உணவும் கல்வியும் மருத்துவமும் ஆகும். கூலி உயர்வைப் பற்றிப் பேசும்போது இவ்விரு கணக்குகளையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை.