தெருவில் 'மணி'... தோட்டத்தில் என்ன பெயர்?

''எண்ணூரில் ஒப்பந்த வேலை பார்த்த என் மகன், லாரி ஷெட் ஓரமாகக் கிடந்த ஒரு நாயைத் தோட்டக் காவலுக்கு என்று கூட்டி வந்துவிட்டான். மூன்று வயது இருக்கும். அங்கே அதை 'மணி' என்று கூப்பிட்டார்களாம். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் பெயரும் மணி. 'டேய் மணி, வாடா' என்று நாங்கள் சத்தம் போட்டால் அவருடைய முகம் சுருங்குகிறது. வளர்ந்த நாய்க்குப் பெயர் மாற்றலாமா? அதற்குக் குழப்பம் வராதா? இன்னொன்று, 'மணி' என்று கூப்பிட்டாலே வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. ஏன் என்று தெரியவில்லை.''

பொன்னேரி வட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக மாற்றலாம். பக்கத்துத் தோட்டக்காரருக்காக மாற்ற வேண்டியதும்தான். கிணற்றுத் தண்ணீருக்கும் வரப்புக்கும் தினம் முகம் பார்க்க வேண்டியவரிடம், நாய்ப் பெயரால் மனக்கசப்பு வேண்டாம். ஆனால், அதைவிடப் பெரிய காரணம் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ரோட்டோரம் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசைக்கு அடியில், டயர் நிழலில், நாய்கள் படுத்திருக்கும். காலையில் டீக்கடைக்காரர் ஒரு பெயர் சொல்லி பொறை போடுவார். மத்தியானம் லாரி டிரைவர் இன்னொரு பெயர் சொல்லி மிச்சச் சோற்றை வைப்பார். அவர் ஆந்திராக்காரராக இருந்தால் கூப்பிடுவது தெலுங்கில், வடக்கத்திக்காரராக இருந்தால் இந்தியில். ராத்திரி கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கு அது வேறு யாரோ. எல்லாவற்றுக்கும் வாலாட்டும் அந்த நாய்க்குக் குழப்பமே வந்ததில்லை. தெரு நாய்க்கு ஒரு பெயர் என்பது நாம் நினைத்துக்கொள்வது. அதற்குச் சோறு போடுகிற கைகள் எத்தனையோ, அத்தனை பெயர்கள்.

உலகத்திலேயே பேர்பெற்ற தெரு நாயின் கதையும் இதுதான். 1957 நவம்பர் 3 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்-2 விண்கலத்தில் அனுப்பிய லைக்கா, மாஸ்கோ தெருவில் பிடித்த நாய். ஆய்வுக்கூடத்தில் அதைக் குத்ரியாவ்கா என்றார்கள், சுருட்டை முடிக்காரி என்று அர்த்தம். எலுமிச்சங்குட்டி என்று பொருள்படும்படி லிமோன்சிக் என்றும் கூப்பிட்டவர்கள் உண்டு. 'குரைப்பவள்' என்ற பொருளில் வைத்த லைக்காதான் கடைசியில் நின்றது. அது எந்தப் பெயருக்கும் முரண்டு பிடித்ததாகத் தெரியவில்லை. (கலத்துக்குள் ஏறிய வெப்பத்தால் சில மணி நேரத்திலேயே செத்துப்போனது என்ற உண்மை 2002-ல்தான் வெளியே வந்தது. பாவம்.)

நாய்க்குப் பெயர் என்பது முகவரி அல்ல. அந்தச் சத்தம் கேட்டால் அடுத்து என்ன நடக்கும் என்கிற ஞாபகம். 'மணி' என்றதும் சோறு வந்திருந்தால் ஓடி வரும். 'மணி' என்றதும் கல்லும் கட்டையும் வந்திருந்தால் ஒளிந்துகொள்ளும். உங்கள் நாய்க்கு அங்கே நடந்தது இரண்டாவதாக இருக்கலாம். அடித்தவர் யாரோ, அந்தப் பெயரில் அடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட பெயரைப் பாசத்தோடு கூப்பிட்டுச் சரிசெய்வதைவிட, புதிதாக ஒன்று வைப்பது சுலபம். பழைய பெயர் கேட்டதும் சந்தோஷமாக ஓடி வருகிற நாயாக இருந்தால், அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சொல்லும் முக்கியம், சொல்லுகிற தொனியும் முக்கியம். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்து ஆய்வாளர்கள், ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்க நாய்களைப் பழக்கி, 2016-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பாராட்டுச் சொல்லை வெறும் குரலில் சொன்னபோதும், சம்பந்தமில்லாத சொல்லைக் கொஞ்சும் குரலில் சொன்னபோதும் நாயின் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி பெரிதாக அசையவில்லை. நல்ல சொல்லும் நல்ல குரலும் சேர்ந்தபோதுதான் அசைந்தது. நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. 'தோ... தோ...' என்று அழைக்கிற குரலையும், 'ஏய்' என்று அதட்டுகிற குரலையும் நாய் எவ்வளவு தூரத்திலிருந்தும் பிரித்துவிடும்.

இனி, பழக்கும் விதம். அவித்த முட்டை, அல்லது முள் எடுத்த வேகவைத்த மத்தி மீனைப் புளியங்கொட்டை அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டுக் காற்றுப் பட்ட நாய்க்கு மீன் வாசனை போதும், நாலடி முன்னால் வரும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். நாய் சும்மா இருக்கும்போது புதுப் பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த அந்த நொடியே ஒரு துண்டு. பார்க்கவில்லை என்றால் பத்துத் தடவை கத்தாதீர்கள். கத்தினால் பெயர் வெறும் இரைச்சலாகிவிடும். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை, நாளுக்கு மூன்று நான்கு வேளை செய்தால், பெரும்பாலான நாய்கள் ஓரிரு வாரத்துக்குள் பிடித்துக்கொள்ளும். பயந்த நாய்க்கு இன்னும் கொஞ்சம் பிடிக்கும்.

பழைய பெயரை விரும்புகிற நாயாக இருந்தால் புதுப் பெயரை முதலில் சொல்லி, உடனே பழையதைச் சொல்லி, பிறகு பழையதை விட்டுவிடலாம். உங்கள் நாய்க்கு அது வேண்டாம். 'மணி'யை இன்றே நிறுத்துங்கள். வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். பாட்டி ஒரு பெயர், பேரன் ஒரு பெயர் என்றால் பழக்கம் தள்ளிப்போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். திட்டுவதற்கும், கட்டிப்போடுவதற்கும், ஊசிக்குப் பிடிப்பதற்கும் புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அதற்கெல்லாம் நீங்களே நடந்து போய்ப் பிடியுங்கள். தச்சூர் பக்கம் லாரி போகிற ரோட்டில் நாய் ஏறிவிட்டால், அதைத் திருப்பிக் கூட்டி வர உங்களிடம் இருப்பது அந்த ஒரு சத்தம்தான்.

சோறு மட்டும் போதாது, கையும் வேண்டும். கொல்கத்தா ஐ.ஐ.எஸ்.இ.ஆர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழு தெரு நாய்களிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வந்தது. முன்பின் தெரியாதவர் தொடர்ந்து தீனி போட்டதைவிட, தொடர்ந்து தடவிக்கொடுத்தபோதுதான் நாய்கள் அவரை அதிகம் நம்பின. உங்களுடையது பயந்த நாய் என்பதால் தலைக்கு மேலே கையை ஓங்கிக் கொண்டுபோகாமல், குத்தவைத்து உட்கார்ந்து, அது வந்தபிறகு நெஞ்சுப் பக்கம் சொறிந்துவிடுங்கள்.

பெயர் இரண்டு மூன்று எழுத்தில் இருக்கட்டும். அக்கம்பக்கத்தில் யாருக்கும், மாட்டுக்கும்கூட, அந்தப் பெயர் இருக்கக் கூடாது. 'வா', 'போ' என்று ஆரம்பிக்கிற பெயரும், 'மணி'யோடு எதுகை போடுகிற 'கனி', 'சனி' போன்றவையும் வேண்டாம். நாயைவிட நாம்தான் மெதுவாகப் பழகுவோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் துறைமுகத்துக்குக் காமராஜர் துறைமுகம் என்று 2014-ல் பெயர் மாற்றினார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் பலர் இன்னும் எண்ணூர் போர்ட் என்றுதான் சொல்கிறார்கள்.

பெயர் பழகும்வரை நாயை அவிழ்த்துவிடாதீர்கள். ஊர் மாறிய நாய் பழைய இடத்தைத் தேடிக் கிளம்பிவிடும். இரண்டு வாரமாவது நீளக் கயிற்றில் கூடவே கூட்டிப்போய் வரப்பு, கிணறு, மாட்டுக்கொட்டகை எல்லாம் காட்டுங்கள். லாரியைப் பார்த்தே வளர்ந்தது கோழியையும் ஆட்டுக்குட்டியையும் எப்படிப் பார்க்கும் என்பது தெரியாது. தெரு நாயைத் தத்தெடுப்பவர்கள் அது மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொல்லியிருக்கிறது.

காதைப் பாருங்கள். ஒரு காதின் ஓரம் வெட்டப்பட்டிருந்தால், மாநகராட்சி பிடித்துக் கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசியும் போட்ட நாய் என்று அர்த்தம். என்றைக்குப் போட்டது என்று தெரியாததால், அதை நம்பி இருக்க வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய் ஊசியும் குடற்புழு மருந்தும் கொடுத்து, அதன்பிறகு ஆண்டுதோறும் ஊசியைத் தொடருங்கள். இடையில் யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.

மருந்தகத்தில் ஊசி அட்டை எழுதும்போது நாயின் பெயரைக் கேட்பார்கள். அதற்குள் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்.