கடிகாரத்தைத் திருகாதீர்கள்!

காலை மணி பத்தரை. அலுவலகத்துச் சுவர்க் கடிகாரம் அப்படித்தான் சொல்கிறது. மேஜை மீதிருக்கும் கம்ப்யூட்டரோ, காலை ஐந்து மணிதான் ஆகிறது என்று சாதிக்கிறது. குமாஸ்தா என்ன செய்வார்? சுவர்க் கடிகாரம் பின்தங்கினால் முள்ளைத் திருகி வைப்பது வழக்கம் அல்லவா? அதே வழக்கப்படி கம்ப்யூட்டரின் மணியையும் பத்தரைக்குத் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்.

தொல்லை அங்கேதான் ஆரம்பம்!

சிங்கப்பூரில் இருக்கும் வாடிக்கைக்காரருக்கு அவர் உடனே ஓர் ஈமெயில் அனுப்புகிறார். அங்கே அப்போது பகல் ஒரு மணி. கடிதத்தில் விழுந்திருக்கும் நேரமோ மாலை ஆறரை! இன்னும் வராத மாலையில் எழுதிய கடிதம். அதோடு போயிற்றா? பெரிய அலுவலகங்களில் ஆள் அடையாளம் பார்த்து உள்ளே விடும் 'கெர்பரோஸ்' என்ற காவல் முறை உண்டு. இரண்டு யந்திரங்களின் மணியும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், சாதாரணமாக அது கதவைத் திறப்பதில்லை. குமாஸ்தாவின் கடவுச்சொல் சரியாக இருந்தும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

அவர் செய்த பிசகு என்ன? மணி தவறாக இருக்கவில்லை. ஊர்தான் தவறாக இருந்தது.

எண் ஒன்று, ஊர் பல

கம்ப்யூட்டருக்குக் காலையும் தெரியாது, மாலையும் தெரியாது. லினக்ஸ் முதலான யூனிக்ஸ் குடும்பத்து யந்திரங்கள் ஒரே ஓர் எண்ணைத்தான் வைத்துக்கொண்டிருக்கின்றன. உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1-ந் தேதி பிறந்த நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி கழிந்தது என்பதே அந்த எண். 2001 செப்டம்பரில் அது நூறு கோடியைத் தாண்டியது. சென்னையிலானாலும் சரி, லண்டனிலானாலும் சரி, ஒரு குறிப்பிட்ட நொடியில் அந்த எண் ஒன்றேதான். திரையில் காட்டும்போது மட்டும் அந்தந்த ஊருக்கு உரியதைக் கூட்டியோ கழித்தோ காட்டுகிறது. இந்தியாவுக்குக் கூட்ட வேண்டியது ஐந்தரை மணி. இந்தக் கணக்குக்குத்தான் நேர மண்டலம் என்று பெயர்.

குமாஸ்தாவின் யந்திரத்துக்கு ஊர் எது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதனால் அது பொது நேரத்தை அப்படியே காட்டிற்று. வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேருகின்றன. ஊரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் எண்ணையே மாற்றிவிட்டார்.

முதலில் விசாரணை

லினக்ஸ் யந்திரத்தின் கட்டளைத் திரையில் 'டைம்டேட்சிடிஎல்' என்று தட்டினால் போதும். உள்ளூர் நேரம், பொது நேரம், மின்சாரம் இல்லாதபோதும் சிறு பாட்டரியில் ஓடும் உள் கடிகாரத்தின் நேரம், ஊர், வெளியிலிருந்து மணி சரிபார்க்கப்படுகிறதா இல்லையா, இத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். பார்க்க வேண்டியது பொது நேரத்தை. கைக்கடிகாரத்தின் மணியிலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் அது வருகிறதா? வந்தால் கடிகாரத்தின் மேல் குற்றமில்லை. அதே கட்டளைக்குப் பின்னால் 'செட்-டைம்சோன் ஏஷியா/கொல்கத்தா' என்று சேர்த்து, நிர்வாகிக்குரிய அதிகாரத்துடன் தட்டினால் காரியம் முடிந்தது. பட்டியலில் சென்னையைத் தேடிப் பயனில்லை. இந்தியா முழுமைக்கும் கொல்கத்தாதான்! விண்டோஸில் இந்த வேலையைச் செய்வது 'டிஇசட்யூடில்' என்ற கட்டளை.

பொது நேரமே தவறாயிருந்தால்? அப்போதும் கையால் திருகுவது கடைசி வழிதான். 'செட்-என்டிபி ட்ரூ' என்று சேர்த்துத் தட்டினால், நெட்வொர்க்கிலுள்ள நேர சர்வர்களைக் கேட்டுக் கம்ப்யூட்டர் தானே திருத்திக்கொள்ளும். இந்தச் சரிபார்ப்பு இயங்கும்போது கையால் மணி வைக்கப் போனால், கட்டளை மறுத்துவிடும். குமாஸ்தாவின் யந்திரத்தில் அது அணைந்து கிடந்தது. பாவம், தடுப்பார் இல்லை.

ஒரே பெட்டியில் விண்டோஸும் லினக்ஸும் குடியிருந்தால் வேறொரு வேடிக்கை. பாட்டரிக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கும். பொது நேரம் என்று லினக்ஸ் நினைக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போதெல்லாம் ஐந்தரை மணி இடிக்கும். ஒரே உறையில் இரண்டு கத்தி! இருவரையும் பொது நேரத்துக்கே பழக்குவதுதான் நல்லது.

இலங்கையின் அரை மணி

ஊர்க் கணக்கு என்றைக்கும் மாறாததா? இலங்கையைக் கேட்டால் தெரியும். மின்சாரப் பஞ்சம் வந்த 1996 மே மாதத்தில் அரசாங்கம் ஐந்தரையை ஆறரையாக்கிற்று. அக்டோபரில் ஆறு. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே ஒரே தீவில் இரண்டு மணி ஓடிற்று. 2006 ஏப்ரல் 15-ந் தேதி கொழும்பு மறுபடியும் ஐந்தரைக்கே திரும்பியது.

அன்று கொழும்பில் ஒருவர் கம்ப்யூட்டரின் மணியை அரை மணி பின்னால் தள்ளி, ஊர்க் கணக்கை ஆறாகவே விட்டிருந்தால், யந்திரத்தின் எண் உலகத்தோடு அரை மணி பிசகியிருக்கும். ஊர்க் கணக்கைப் புதுப்பித்தவருக்கோ எண் அசையவில்லை. 2005-ல் பதிவான ரசீதை இன்று திறந்தாலும், அன்றைய ஆறு மணிக் கணக்குப்படியே சரியான நேரம் தெரியும்.

இந்த ஊர்க் கணக்குகளுக்கெல்லாம் ஒரு பேரேடு உண்டு. அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய வேலை அது. பிறகு கலிபோர்னியாவிலுள்ள பால் எக்கர்ட் பொறுப்பேற்றார். எந்த நாடு மணியை மாற்றினாலும் தொண்டர்கள் விவரம் தெரிந்து எழுதி அனுப்புகிறார்கள். உலகத்து லினக்ஸ் யந்திரங்களும் செல்போன்களும் அந்த ஏட்டைத்தான் படிக்கின்றன.

அதில் கொல்கத்தா என்ற பெயருக்குள் ஒரு பழைய கதை ஒளிந்திருக்கிறது. ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் மதராஸ் வானியல் ஆராய்ச்சி நிலையத்து நேரப்படி ஓடின. நுங்கம்பாக்கத்தில் கணித்த மணி தந்தி வழியே நாடெங்கும் போயிற்று. இந்திய ஸ்டாண்டர்ட் நேரம் வந்தது 1906 ஜனவரி 1-ந் தேதி.

ஊரைக் கொல்கத்தா என்று வைத்துவிட்டு, 'டேட்' என்ற கட்டளையிடம் 1906 ஜனவரி 1-ந் தேதி பொது நேரம் பகல் 12 மணிக்கு இங்கே மணி என்ன என்று கேட்டால், மாலை 5-30 என்கிறது. அதற்கு முந்தின நாளைக் கேட்டால், 5 மணி 21 நிமிஷம் 10 விநாடி என்று சொல்லி, பக்கத்தில் 'எம்எம்டி' என்று மூன்று எழுத்தும் போடுகிறது. அவற்றில் முதல் எழுத்து மதராஸ்.