கழற்றி வைத்த தடுப்புத் தகடு: வீட்டு கிரைண்டரில் கவனிக்க வேண்டியவை

தீபாவளி நெருங்கிவிட்டால் கேட் செய்வதும் கிரில் வெட்டுவதுமாக வீடமைப்புப் பகுதிகளில் கிரைண்டர் சத்தம் ஓயாது. தைப்பூசத்திற்கு முன் காவடிச் சட்டம் செய்யும் இடங்களிலும், தோட்டத்து வீடுகளின் பின்புறம் பாராங் கத்தி தீட்டும் இடங்களிலும் அதே சத்தம்தான். ஹார்டுவேர் கடையில் வாங்கிய அந்த நான்கு அங்குல கிரைண்டரைச் சற்று உற்றுப் பார்த்தால், பல வீடுகளில் அதன் ஒரு பாகம் காணாமல் போயிருக்கும். டிஸ்க்கைப் பாதியளவு மூடியிருக்க வேண்டிய இரும்புத் தடுப்புத் தகடுதான் அது.

மூலையில் வெட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்று சிலர் அதைக் கழற்றுகிறார்கள். பெரிய டிஸ்க் மாட்டுவதற்காகக் கழற்றுகிறவர்களும் உண்டு. இரண்டாவது காரணம்தான் மிகவும் ஆபத்தானது.

சிறிய கிரைண்டர் சுமையின்றிச் சுழலும்போது நிமிடத்திற்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். நான்கு அங்குல டிஸ்க்கின் விளிம்பு அப்போது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அந்த டிஸ்க் 15,000 சுற்று வரை தாங்கும்படி செய்யப்பட்டது, எனவே கவலையில்லை. ஆனால் ஏழு அங்குல டிஸ்க்கின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எல்லை 8,500 சுற்று அளவில்தான் இருக்கும். நடு ஓட்டைக்குள் வளையம் வைத்து அதைச் சிறிய கிரைண்டரில் மாட்டினால், தாங்கும் அளவைத் தாண்டிச் சுழன்று வெடித்துச் சிதறலாம். சிதறும் துண்டைத் தடுக்க வேண்டிய தகடோ ஏற்கெனவே கழற்றப்பட்டுவிட்டது! முகமும் கழுத்தும் நேர் எதிரே இருக்கின்றன.

ஆகவே டிஸ்க்கில் உள்ள ஆர்.பி.எம். எண், கிரைண்டரில் உள்ள எண்ணைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. மரம் அறுக்கும் பல் சக்கரத்தையும் இதில் மாட்டக் கூடாது. பல் மரத்தில் சிக்கும் நொடியில் கருவி கையை உதறிக்கொண்டு வேலை செய்பவரின் மேலேயே பாயும்.

டிஸ்க்குக்கும் காலாவதித் தேதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். உராய்வுத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் காலப்போக்கிலும் ஈரத்திலும் வலுவிழக்கிறது. கார் போத்தில் பல ஆண்டுகள் கிடந்த டிஸ்க், கீழே விழுந்த டிஸ்க், ஓரம் உடைந்த டிஸ்க் ஆகியவற்றை யோசிக்காமல் குப்பையில் போட்டுவிடலாம். புது டிஸ்க்கின் விலை சில ரிங்கிட்தான்.

பாராங் தீட்டுவதில் இன்னொரு தவறு நடக்கிறது. இரும்பு வெட்டும் டிஸ்க் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். விளிம்பால் நேராக வெட்ட மட்டுமே அது உதவும். அதன் பக்கவாட்டில் கத்தியை வைத்து அழுத்தினால் டிஸ்க் வளைந்து முறியும். தேய்ப்பதற்கென்று ஆறு மில்லிமீட்டர் தடிமனில் தனி டிஸ்க் இருக்கிறது. அதிலும் அழுத்தித் தேய்த்தால் கத்தியின் விளிம்பு சூடேறி நீல நிறமாக மாறும். அப்படி மாறிய இடத்தில் இரும்பின் உறுதி போய்விட்டது, கூர் நிற்காது. பாராங்குக்கும் செம்பனை அறுக்கும் அரிவாளுக்கும் பழைய அரமும் சாணைக் கல்லுமே மேல்.

மின்சாரப் பக்கம் பார்த்தால், நம் நாட்டு வீடுகளில் சர்வசாதாரணமாக நடப்பது ஒன்று: இரண்டு முனை பிளக்கை மூன்று துளை சொக்கெட்டில் செருக, மேல் துளைக்குள் டெஸ்ட் பென்னையோ குச்சியையோ விட்டு மூடியைத் திறப்பது. அந்த மூடி பாதுகாப்புக்காகவே வைக்கப்பட்டது. ஃபியூஸ் உள்ள மூன்று முனை பிளக்கை மாட்டிக்கொள்வதே முறை. கருவியின் மேல் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்பு உடையது. அதற்கு எர்த் கம்பி இல்லாதது குறையன்று. நீட்டிப்பு வயரைச் சுருளாகவே வைத்து ஓட்டினால் சூடேறி உருகும். முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும். மழை ஈரத்தில் இக்கருவியைத் தொடவே வேண்டாம்.

காற்றுத் துளைகளில் தீப்பொறி அதிகமாகத் தெரிந்தாலோ கருவி விட்டுவிட்டு ஓடினாலோ பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் ஒருசேர மாற்ற வேண்டும். டிஸ்க் மாற்றும்போதும் இதே விதிதான். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கைலி, தொளதொள சட்டை, நூல் கையுறை ஆகியவை சுழலும் டிஸ்க்கில் சிக்கும். ஜப்பான் சிலிப்பர் காலைக் காக்காது. வெறும் கூலிங் கிளாஸ் கண்ணைக் காக்காது. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், அதன் மேல் முகக் கவசமும் இருந்தால் இன்னும் நல்லது. தீப்பொறி போகும் திசையில் தின்னர் டின், புல் வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோல், பிள்ளைகள் எவரும் எதுவும் இருக்கக் கூடாது. புது டிஸ்க் மாட்டினால் அதன் நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி, அரை நிமிடம் வெறுமனே ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

அப்படியும் கண்ணில் இரும்புத் துகள் குத்திக்கொண்டால் தேய்க்கவோ பிடுங்கவோ முயலக் கூடாது. கண்ணை அழுத்தாமல் மூடிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் முதலில் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 999க்கு அழைக்க வேண்டும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நேரடியாக விரலில் பட்டால் தசை கெட்டுவிடும். பின் மருத்துவர்களால் அதை ஒட்டவைப்பது கடினமாகிவிடும்.