தங்கவயலுக்குப் போன நம்ம ஊர்க்காரர்கள்

போச்சம்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி, குப்பம் வழியா, மாந்தோப்பும் மலையும் பார்த்துக்கிட்டே போனா கோலார் தங்கவயல் வந்துடும். நியூசிலாந்தில் தங்க வேட்டையைப் பார்த்த லவெல் என்ற அயர்லாந்துக்காரர், 1875-ல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை வாங்கினார். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டியது.

வெட்டியது யார் தெரியுமா? பெரும்பாலும் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போனவங்க. அப்போ நம்ம ஊரும் சேலம் மாவட்டம்தான்! 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்குக் கரண்ட் வந்தது. குழி 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. ஆழத்தில் பாறை திடீர்னு வெடித்துச் சிதறும், பலர் செத்தாங்க. கல்தூசி நுரையீரலைக் கெடுத்தது.

தங்கம் குறைந்து செலவு கூடியதால் 28.2.2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். கிடைத்தது சுமார் 800 டன். வெட்டினவங்க பிள்ளைகள் இன்று தினமும் பெங்களூருக்கு ரயிலேறிக் கூலிக்குப் போறாங்க. நகையைப் பார்க்கும்போது அவங்களையும் நினைப்போம் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.