தண்ணீர் ஊற்றியே வாட வைத்தேன்!



செடி வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தோட்டக்கலை. இந்த அரைகுறை அறிவை வைத்துக் கொண்டு, நன்றாக இருந்த ஒரு குண்டுமல்லிச் செடியைச் சாகும் நிலைக்குக் கொண்டு போய்விட்டேன். அதோடு விட்டேனா? அதை மறைக்க ஒரு பொய்யும் சொன்னேன். என்னைப் போல் வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். மல்லிகைக்குப் பேர் போன பகுதி. மாமனார் காலமான பிறகு அங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு, மதுரையில் எங்களோடு வந்து சேர்ந்தார். வரும்போது பாத்திரம் பண்டம் எதையும் பெரிதாக எடுத்து வரவில்லை. கொல்லையில் இருந்த மல்லிகையில் பதியன் போட்டு எடுத்த ஒரு கன்றை மட்டும் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்தார். மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டியில் வைத்து, பிள்ளையைப் போல வளர்த்தார். மாமனார் போன பிறகு அவர் தலையில் பூ வைத்துக் கொண்டதில்லை. ஆனால் எனக்கும் என் மகளுக்கும் தினமும் கட்டிக் கொடுப்பதில் ஒரு நாள் கூடக் குறை வைத்ததில்லை.

போன வருடம் ஆகஸ்ட் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆயிற்று. சில மாதங்களுக்குப் படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செடி என் பொறுப்புக்கு வந்தது.

அத்தை பார்த்துப் பார்த்து வளர்த்த செடியாயிற்றே என்ற பயத்தில் காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று ஊற்றினேன். வழிகிற தண்ணீர் மாடியைப் பாழாக்குகிறதே என்று தொட்டிக்கு அடியில் ஒரு பழைய தாம்பாளத்தையும் வைத்தேன். துணி காயப் போட இடைஞ்சலாக இருக்கிறது என்று தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நகர்த்தினேன். ஒரு மாதத்தில் கீழ் இலைகள் மஞ்சளாயின. சத்துக் குறைவு என்று யாரோ சொல்ல, ஒரு கை நிறைய யூரியாவை வாங்கிப் போட்டேன். இலைகள் இன்னும் தொங்கிப் போயின. தாகம் போலிருக்கிறது என்று இன்னொரு வாளி ஊற்றினேன். அக்டோபரில் அடைமழையும் சேர்ந்து கொண்டது.

தினமும் சாயங்காலம் அத்தை கேட்பார். "செடி எப்படித்தா இருக்கு? பூக்குதா?"

எப்படிச் சொல்வது? ஒரு நாள் மார்க்கெட்டில் உதிரிப் பூ வாங்கி வந்து, "நம்ம செடிப் பூ அத்தை" என்று கிண்ணத்தில் போட்டு நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நாலைந்து முறை இப்படியே ஓட்டினேன்.

ஒரு நாள் கட்டிய சரத்தை என் கையில் வைத்து, "இந்தச் செடி செத்துப் போச்சாத்தா?" என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"மழைக்காலத்துல ஒத்தைச் செடியில இம்புட்டுப் பூ எப்படித்தா பூக்கும்? கடைப் பூவுல தண்ணி தெளிச்சிருப்பான், கிண்ணத்துக்கு அடியில ஈரம் நிக்குது. முதல் நாளே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார்.

அழுதுவிட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தொட்டியைக் கீழ கொண்டாரச் சொல்லு" என்றார்.

என் கணவரும் மகனும் சேர்ந்து தூக்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அத்தை கையை மண்ணுக்குள் விட்டு, முகர்ந்து பார்த்தார். "சாக்கடை நாத்தம் அடிக்குது பாரு. இது தாகத்துல வாடல. மூச்சு முட்டி வாடுது" என்றார்.

பிளஸ் டூவில் தாவரவியல் படிக்கும் என் மகள் அதையே பாடமாகச் சொன்னாள். மண்ணின் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளியில்தான் காற்று இருக்கிறது. வேர் அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சுவாசிக்கிறது. எந்நேரமும் தண்ணீர் தேங்கினால் காற்றுக்கு இடமில்லை. வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீருக்குள் நின்று கொண்டே செடி வாடுகிறது! அதைத் தாகம் என்று நினைத்து நாம் மேலும் ஊற்றுகிறோம். படிப்பே இல்லாத அத்தையும் பாடம் படித்த மகளும் ஒன்றையே சொன்னதைக் கேட்டு அசந்து போனேன்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடியே சொல்லச் சொல்ல நான் செய்தேன். தொட்டியைக் கவிழ்த்துச் செடியை எடுத்தோம். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, விரலால் உருவினால் தோல் கையோடு வரும். கறுத்ததையெல்லாம் சுத்தமான பிளேடால் வெட்டினோம். பாதி வேர் போய்விட்டதால், அது தாங்குகிற அளவுக்கு மேலே கிளைகளையும் பாதியாகக் குறைத்தோம்.

தொட்டியின் அடித் துளை மண் அடைத்துக் கிடந்தது. குத்திச் சுத்தம் செய்து, அதன் மேல் உடைந்த ஓட்டுத் துண்டைக் கவிழ்த்து வைத்தோம். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுஉரம், ஒரு கை வேப்பம்புண்ணாக்கு சேர்த்துக் கலந்து நட்டோம். பத்து நாள் வெளிச்சமுள்ள நிழலில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்தினோம். "புதுத் துளிர் வர்ற வரைக்கும் உரம்னு ஒரு சிட்டிகை கூடப் போடாதே. காய்ச்சக்காரனுக்குப் பிரியாணி போடுவியா?" என்றார் அத்தை.

அன்றிலிருந்து அவரிடம் கற்றுக் கொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

தண்ணீர் ஊற்றுமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். கோடையில் தினமும் தேவைப்படும். மழைக்காலத்தில் பல நாள் தேவையே இருக்காது. ஊற்றும்போது அடித் துளை வழியாக வழிகிற அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். ஆனால் வழிந்த தண்ணீர் தட்டில் தேங்கி நிற்கக் கூடாது. அதிகாலையில் ஊற்றுவது நல்லது.

செடி தன் உணவைச் சூரிய ஒளியில்தான் சமைக்கிறது. இலைதான் அதற்கு அடுப்படி. மல்லிகைக்குத் தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் இலை வரும், பூ வராது. என்னைப் போலத் துணி காயப் போட இடம் வேண்டுமென்று செடியை மூலையில் தள்ளாதீர்கள்!

செடிக்கு மொத்தம் 17 சத்துகள் தேவை என்று மகளின் பாடப் புத்தகம் சொல்கிறது. அதில் மூன்று, காற்றிலும் தண்ணீரிலும் கிடைத்துவிடும். மீதி 14 மண்ணிலிருந்து வர வேண்டும். தொட்டி மண் கையளவுதானே, சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்காக யூரியாவைக் கொட்டினால் உப்பு அதிகமாகி வேர் கருகும். பிழைத்தாலும் இலை தழைக்குமே தவிரப் பூ குறையும். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊற வைத்து, தெளிந்த நீரில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றினால் போதும். டீத்தூள் சக்கையைப் போடுவதாக இருந்தால் சர்க்கரை போக அலசிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு வந்துவிடும்.

இலை மஞ்சளாவதெல்லாம் ஒரே நோயல்ல. அடி இலைகள் முழுவதும் மஞ்சளானால் தண்ணீர் அதிகமா அல்லது தழைச்சத்துக் குறைவா என்று பாருங்கள். நுனியிலுள்ள இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. போர் தண்ணீர் ஊற்றும் எங்கள் பகுதியில் இதை நிறையப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, இலையில் மாதம் ஒரு முறை, பச்சை திரும்பும் வரை தெளித்தால் சரியாகும். பூச்சி தென்பட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

குண்டுமல்லியை வருடம் ஒரு முறை, நவம்பர் கடைசியில், ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டும். வெட்ட மனசு வராது. ஆனால் புதிதாக வரும் கிளையில்தான் பூக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தை விழுந்த நாளிலிருந்து நான் அவரையும் செடியைப் போலத்தான் நடத்தியிருக்கிறேன். எழுந்திருக்க விடுவதில்லை. ஒரு வெங்காயம் உரிக்கக் கூட விடுவதில்லை. ஜன்னலைச் சாத்தி வைத்து, மணிக்கு ஒரு தரம் கஞ்சி, பால், பழச்சாறு. அவரும் நாளுக்கு நாள் பேச்சே குறைந்து போனார். தொட்டி கட்டிலருகே வந்த அன்றுதான் பழைய குரலில் அதட்டினார். எனக்கு உறைத்தது. டாக்டரைக் கேட்டுக் கொண்டு, மறுநாளிலிருந்து வாக்கரைப் பிடித்து மெல்ல நடக்க வைத்து, காலை வெயிலில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கீரை ஆய்ந்து தரச் சொன்னேன். "இப்பத்தான்த்தா மூச்சு விடுறேன்" என்றார்.

டிசம்பர் கடைசியில் செடியில் ஊசி முனையளவு ஒரு துளிர் வந்தது. வீடே ஓடி வந்து பார்த்தது. ஏப்ரல் முதல் வாரம் ஏழு மொட்டு. கட்டுவதற்குக் காணாது. அத்தை ஏழையும் ஒரு வாழை நாரில் கட்டி, முதலில் மாமனார் படத்துக்கு வைத்துவிட்டு, சாயங்காலம் எடுத்து என் தலையில் வைத்தார்.

"இது நம்ம செடிப் பூதான். சந்தேகம்னா மோந்து பாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். இப்போதெல்லாம் வாளியைத் தூக்குமுன் விரலைத்தான் மண்ணில் வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், சகோதரிகளே!

– ஒரு வாசகி, மதுரை