இடமாற்றமும் இடுப்புவலியும்: ஷாதிபூர் கற்பித்த பாடம்

வங்கிப் பணியில் இருப்போர்க்கு இடமாற்ற ஆணை புதிதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூட்டை கட்டுவதும் பிரிப்பதும் எங்கள் குடும்பத்திற்குப் பழகிய செயலே. ஆயினும், அந்தமானுக்குச் செல்லுமாறு ஆணை வந்த அன்று நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசாதிருந்தோம். தயக்கத்திற்குக் காரணம் கடலன்று, முதுகு. எங்களுள் ஒருவருக்கு இருபது ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்ததால் வந்த வலி. மற்றவருக்கு இரு பிள்ளைகளைத் தூக்கி வளர்த்ததாலும் ஓயாத வீட்டு வேலையாலும் வந்த வலி. இந்த உடம்போடு கடல் கடந்து குடியேற இயலுமா, அன்றி ஆணையை மறுத்துப் பதவி உயர்வையும் இழப்பதா என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி.

இறுதியில் சென்றோம். அப்போது போர்ட் பிளேர் என்றும், 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் அழைக்கப்படும் நகரில், ஷாதிபூர் என்னும் பகுதியில் குடியேறினோம். அப்பயணத்திலும் அதனையடுத்த மாதங்களிலும் நாங்கள் செய்த தவறுகளையும் கற்றவற்றையும் இங்குத் தருகிறோம். சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ பிள்ளைகளோடு வாழச் செல்லும் வாடிக்கையாளர்களுக்கும் இவை பயன்படும் என நம்புகிறோம்.

வலி நமக்கு மட்டுமன்று

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61.9 கோடி மக்கள் கீழ்முதுகு வலியால் துன்புற்றனர். 2050இல் இத்தொகை 84.3 கோடியாக உயரக்கூடும் என மதிப்பிட்டுள்ளனர். இவர்களுள் பெரும்பாலோர்க்கு, இன்ன எலும்பால் அல்லது இன்ன வட்டால் வந்த வலி என்று உறுதியாகச் சுட்ட இயலுவதில்லை. இத்தகைய நாட்பட்ட வலிக்கென உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முறையான உடற்பயிற்சியையும், தன் வலியைத் தானே புரிந்து பேணும் கல்வியையும் அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமான மருத்துவமாக அது பரிந்துரைக்கவில்லை. புறப்படுமுன் நாங்கள் வாங்கிய முதற்பொருள் இடுப்புப் பட்டைதான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கப்பலில் மூன்று நாள்

சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். வானூர்தியில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். வீட்டுச் சாமான்கள் மிகுதி என்பதால் கப்பலைத் தேர்ந்தோம். படுத்துக்கொண்டே போகலாம், முதுகுக்கு நல்லது என்ற எண்ணமும் இருந்தது. அதுவே முதல் தவறு.

முதல் நாள் முழுவதும் படுத்தே கிடந்தோம். இரவில் புரளவும் இயலாதபடி இடுப்பு இறுகிவிட்டது. கப்பல் அசையும்போது, படுத்திருந்தாலும் உடலை நிலைநிறுத்த முதுகுத் தசைகள் சிறுசிறு வேலை செய்துகொண்டே இருக்கின்றன. அசையாது கிடந்து இறுகிய தசைகளுக்கு அது பெருஞ்சுமையாகிறது. மறுநாள் காலை கப்பல் மருத்துவரை அணுகினோம். அவர் சோதித்துவிட்டு, “மணிக்கு ஒருமுறை எழுந்து மேல்தளத்தில் பத்து நிமிடம் நடங்கள், கைப்பிடியை விட்டுவிடாதீர்கள்” என்றார். குமட்டலுக்கு விழுங்கும் மாத்திரையையும் தசை தளர்த்தும் மாத்திரையையும் கேட்காமல் சேர்த்து உண்ண வேண்டா. இரண்டும் உறக்கம் தருபவை, ஆடும் தளத்தில் விழ நேரிடும் என்றும் எச்சரித்தார். நடந்தோம். மூன்றாம் நாள் ஹாடோ துறையில் இறங்கியபோது, வலி இருந்தது, அச்சம் குறைந்திருந்தது.

இரண்டாவது தவறு பெட்டிகள். அனைத்தையும் இரண்டு பெரும்பெட்டிகளில் அடைத்திருந்தோம். ஒரு பெரும்பெட்டியைவிட இரு சிறுபெட்டிகள் மேல். இரு கைகளிலும் சுமை சமமாக இருக்கும். சுமையை உடலோடு அணைத்து, முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பலாகாது. திரும்ப வேண்டுமெனில் பாதங்களை நகர்த்தித் திரும்புவதே முறை. கப்பலிலும் இரயிலிலும் கீழ்ப்படுக்கையை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது நன்று. வானூர்தியில் நடைபாதையை ஒட்டிய இருக்கையைத் தேர்ந்தால் பிறரை எழுப்பாமல் நாம் எழலாம். நீண்ட தூரம் நடக்க இயலாதோர் சக்கர நாற்காலி வேண்டுமெனப் பயணச்சீட்டு எடுக்கும்போதே தெரிவிக்கத் தயங்க வேண்டா.

ஷாதிபூர் வீடு

குற்றவாளிகளாகக் கொண்டுவரப்பட்டோர் மணம் செய்துகொண்டு குடியமர்ந்த இடமாதலால் ஷாதிபூர் எனப் பெயர் வந்ததென்று இங்குள்ளோர் சொல்வதுண்டு. நகரமே மேடும் பள்ளமுமானது. எங்கள் வீட்டிற்கு ஏற முப்பத்திரண்டு படிகள். நாங்கள் வந்தது ஏப்ரல், கோடை. தனிகாரி அணையில் நீர் குறையும் மாதங்களில் நகரக் குழாய்களில் அன்றாடம் நீர் வருவதில்லை. வரும் நாளில் பிடித்து வைத்தாக வேண்டும். கீழ்த்தொட்டியிலிருந்து பெரிய வாளிகளை மாடிக்குச் சுமந்த இரண்டாம் வாரத்தில், எங்களுள் ஒருவர் குனிந்தவர் நிமிர இயலாது படியிலேயே அமர்ந்துவிட்டார்.

இந்தத் தீவுகளில் தமிழ் பேசுவோர் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 15 சதவீதம். அண்டை வீட்டு அம்மையாரும் தமிழர், அறுபதைக் கடந்தவர். எங்கள் நிலையைப் பார்த்து, “ஏன் தம்பி, ஒரே தடவையில கொண்டுபோகணும்னு யார் சொன்னா? சின்னக் குடத்துல நாலு நடை நடங்க” என்றார். மருத்துவரின் அறிவுரையும் அவர் சொல்லும் ஒன்றே எனப் பின்னர் உணர்ந்தோம். சுமையைச் சிறிதாக்கு, நடையைக் கூட்டு. அன்று முதல் பெரிய வாளிகளை ஒதுக்கிவிட்டுச் சிறு குடங்கள் வாங்கினோம். நீர்த்தொட்டியைத் தரையிலிருந்து இடுப்பளவு மேடையில் ஏற்றினோம்.

புதிய ஊரில் வீடு பார்க்கையில் வாடகையையும் பள்ளியின் தொலைவையும் ஆராய்கிறோம். முதுகையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும். படிகள் எத்தனை, நீர் எங்கிருந்து வரும், சமையல் மேடையின் உயரம் போதுமா என்பவற்றைப் பார்த்தபின் முன்பணம் தரலாம். மிகக் குழிந்த மெத்தையைத் தவிர்ப்பதும், ஒருக்களித்துப் படுக்கையில் முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வைப்பதும் பலர்க்கு இதமளிக்கும். எழும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பி, கையூன்றி எழுதல் நன்று.

சாலைப் பயணம்

பணியின் பொருட்டு ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் ஆகிய ஊர்களுக்கும் செல்ல நேர்கிறது. திக்லிபூர் வரையிலான அந்தமான் பெருஞ்சாலை 300 கிலோமீட்டருக்கும் மேல். ஜிர்க்காட்டாங் சோதனைச் சாவடியிலிருந்து ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தினூடே வாகனங்கள் அணியாகச் செல்லும். இடையில் இறங்குதற்கு அனுமதியில்லை. எனவே சாவடியில் காத்திருக்கும் நேரத்தை நாங்கள் வீணாக்குவதில்லை. இறங்கி நடக்கிறோம், இடுப்பில் கையூன்றி மெல்லப் பின்வளைகிறோம். காப்பகத்தைக் கடந்து நடு நீரிணையில் வாகனத்தைப் படகில் ஏற்றும்போது பயணிகள் இறங்க வேண்டும். முன்பு எரிச்சலூட்டிய அந்த இறக்கம் இன்று எங்களுக்கு மருந்தாகிறது. குலுங்கும் வண்டியில் நெடுநேரம் அமர்தல் கீழ்முதுகைத் துன்புறுத்தும். வண்டி நிற்கும் ஒவ்வோர் இடமும் எழுந்து நிற்கக் கிடைத்த வாய்ப்பு.

எப்போது காத்திருக்கலாகாது?

பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தணியும். எனினும், கால் வலுவிழத்தல், இருக்கையில் படும் உடற்பகுதி மரத்தல், சிறுநீர் அடைபடுதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல் ஆகியவை அவசர நிலையின் அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் நரம்பிற்கு நிலையான கேடு நேரலாம். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்திருத்தல், விழுந்தபின் வந்த கடும் வலி ஆகியவற்றோடு கூடிய முதுகுவலியையும் உடனே காட்ட வேண்டும். தீவுகளிலும் வெளிநாடுகளிலும் வாழ்வோர், அருகிலுள்ள பெரிய மருத்துவமனை எது என்பதைக் குடியேறிய முதல் வாரத்திலேயே அறிந்து வைக்க வேண்டும். எங்களுக்கு அது கோ.ப. பந்த் மருத்துவமனை.

காப்பீட்டில் நாங்கள் இழந்தது

வலியைவிட எங்களை வருத்திய தவறு வேறொன்று. இடமாற்றப் பரபரப்பில் பழைய கணக்கை முடித்தோம்; அதிலிருந்து தானாகச் செலுத்தப்பட்ட மருத்துவக் காப்பீட்டுத் தவணை நின்றது. முகவரி மாறியதால் நினைவூட்டற் கடிதமும் கைக்கு வரவில்லை. சலுகைக் காலமும் கடந்தது. ஆண்டுகள் பல செலுத்தி முடித்திருந்த காத்திருப்புக் காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. அதற்கிடையே எடுத்த முதுகுத்தண்டு ஸ்கேன் முதலான செலவுகள் எங்கள் சேமிப்பிலிருந்தே போயின. பிறர்க்குத் தவணையை நினைவூட்டும் தொழிலில் இருந்துகொண்டு எங்கள் தவணையை மறந்தோம்.

ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படலாகாது என 2024இல் விதி திருத்தப்பட்டது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டிற்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. இந்நலன்கள் முழுமையாகக் கிட்ட, தொடர்ச்சி அறுபடாதிருத்தல் இன்றியமையாதது. எனவே ஊர் மாறுமுன் மூன்றைச் செய்யுங்கள்: தவணைக்கான கணக்கை மாற்றிய பின்னரே பழைய கணக்கை முடியுங்கள், முகவரியையும் கைப்பேசி எண்ணையும் காப்பீட்டாரிடம் புதுப்பியுங்கள், முதுகுவலி இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.

வலியோடு வாழும் ஓய்வூதியர்களும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வாழ்வுச் சான்றை முக அடையாளம் வழியே வீட்டிலிருந்தபடியே அளிக்கலாம். எழுபது வயது கடந்தோர் வீடு தேடி வரும் வங்கிச் சேவை குறித்துத் தங்கள் கிளையில் கேட்டறியலாம்.

இன்று எங்கள் வலி முற்றிலும் நீங்கிவிடவில்லை. மழைக்கால ஈரத்தில் சில காலைகள் கடினமாகவே விடிகின்றன. ஆயினும் முப்பத்திரண்டு படிகளையும் ஏறியிறங்கி, நாள்தோறும் கடற்கரை வரை அரைமணி நேரம் நடக்கிறோம். ஆணையை மறுத்துச் சொந்த ஊரில் படுத்திருந்தால் இவ்வளவு நடந்திருக்க மாட்டோம். முதுகுவலி உள்ளவர் ஊர் விட்டுப் போகலாம். திட்டமிட்டுப் போக வேண்டும், போன இடத்தில் அசையாமல் இருக்கலாகாது.