ரிப்போர்ட்டில் ‘மைல்டு எம்.ஆர்.’ என்று இருந்தால்

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என்று இந்தப் பக்கம் எந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாலும், ஆர்டர் கைக்கு வருமுன் அநேகமாக ஒரு மெடிக்கல் இருக்கும். எடை, உயரம், பிரஷர், கண், ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே. வரிசை நீளம், டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த வேகத்தில் எடுத்துவிடுவார். யாரோ ஒருவருக்கு மட்டும் எடுக்கமாட்டார். இடது மார்புக்குக் கீழே ஒரு தடவை, அக்குள் பக்கம் ஒரு தடவை வைத்துக் கேட்டுவிட்டு, “சின்ன வயசுல ஹார்ட்டுல ஏதாவதுன்னு சொல்லியிருக்காங்களா?” என்பார். எக்கோ எடுத்து வரச் சொல்வார்.

மறுநாள் கையில் ஒரு பக்க ரிப்போர்ட்: மைல்டு எம்.ஆர்., ட்ரிவியல் டி.ஆர்., ஈ.எஃப். 62%. அதை உட்கார்ந்து விளக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. அன்று இரவே திருவண்ணாமலைக்கோ விருத்தாசலத்துக்கோ போன் போகிறது: “ஹார்ட்டுல ஓட்டையாம்மா.”

ஓட்டை இல்லை. இதயத்தின் நான்கு அறைகளுக்கும் வாசலாக நான்கு வால்வுகள் இருக்கின்றன. கம்ப்ரஸர் லைனில் நான்-ரிட்டர்ன் வால்வைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ரத்தம் ஒரு திசையில் போகலாம், திரும்பி வரக்கூடாது. இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது மைட்ரல் வால்வு. அது சரியாக மூடாமல் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் மேலறைக்கே திரும்பினால் அதுதான் எம்.ஆர். டி.ஆர். என்பது வலப்பக்கத்து ட்ரைகஸ்பிட் வால்வில் அதே சங்கதி. ‘ட்ரிவியல்’ என்று போட்டிருந்தால் அதை மறந்துவிடலாம். நல்ல ஆரோக்கியமான ஆட்களை வரிசையாகப் படுக்கவைத்து எக்கோ எடுத்தாலும் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தத் துளிக் கசிவு தெரியும். மெஷின் அவ்வளவு நுட்பமானது. ஈ.எஃப். 62% என்பதைப் பார்த்து, மீதி 38% போய்விட்டது என்று அழுதவர்களும் உண்டு. கீழறை தன்னிடம் நிறையும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். யாருக்கும் அது நூறு இருக்காது. 55-லிருந்து 70 வரை நல்ல எண்.

எக்கோ எடுக்கும்போது திரையைக் கொஞ்சம் கவனியுங்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, சில்லென்று ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை அழுத்துவார்கள். திரையில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும். நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று அர்த்தம் இல்லை. கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பு, விலகிப் போவது நீலம். கசிவு இருக்கும் இடத்தில் நிறங்கள் சிதறி மஞ்சளும் பச்சையுமாய் ஒரு கீற்று பீய்ச்சும். அந்தக் கீற்று எவ்வளவு அகலம், மேலறையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, அறை பெரிதாகியிருக்கிறதா என்று அளந்துதான் மைல்டு, மாடரேட், சிவியர் என்று எழுதுகிறார்கள்.

மைல்டு என்றால் இதயம் தன் வேலையைச் சிரமமில்லாமல் செய்கிறது என்று பொருள். மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் அந்தக் கசிவு எதனால் வந்தது என்ற கேள்வியை டாக்டரிடம் கேட்காமல் எழுந்துவரக் கூடாது. பதிலைப் பொறுத்துத்தான் அடுத்த இருபது வருடம் என்ன செய்வது என்பது மாறும்.

சிலருக்கு அது வால்வின் இதழ் கொஞ்சம் தொளதொளவென்று இருப்பதால் வருகிறது. ப்ரொலாப்ஸ் என்பார்கள், நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கும், பலருக்குக் கடைசி வரை தெரியவே தெரியாது. இன்னும் சிலருக்குக் கோளாறு மைட்ரலில் இல்லை, வெளிவாசலான அயோர்டிக் வால்வில்; அங்கே மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் இருக்கும். ‘பைகஸ்பிட்’ என்று எழுதியிருந்தால் அது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர், ஆண்களிடம் அதிகம். இளவயதில் பெரும்பாலும் தொந்தரவு தராது. நாற்பது ஐம்பதுக்கு மேல் சுருங்கவோ கசியவோ தொடங்கலாம், அதிலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் விரியலாம். குடும்பத்தில் ஓடக்கூடியது. அதனால் அண்ணன் தம்பி, பிள்ளைகளும் ஒரு தடவை எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது காரணம்தான் நம் ஊருக்கு முக்கியம்: ருமாட்டிக் காய்ச்சல். ஐந்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வருகிறது. தானே சரியாகிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால் வீங்கும். அது வடிந்து கணுக்காலுக்குத் தாவும், பிறகு மணிக்கட்டுக்கு. கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புப் படை, சாயல் ஒத்துப்போவதால் வால்வையும் சேர்த்து அடிக்கிறது. மூட்டு முழுசாக ஆறிவிடும், வால்வில் தழும்பு நிற்கும். ஒவ்வொரு புதுத் தொண்டைப்புண்ணும் அந்தத் தழும்பின் மேல் இன்னொரு அடி.

இந்த நோய் குறைந்துவருகிறது என்பது உண்மை. இங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் வேலூரில், 2001-02-இல் கிராமப் பள்ளிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வால்வுப் பாதிப்பு இருந்தது. ஆனால் ஸ்டெதாஸ்கோப் கண்டுபிடிப்பதைவிட எக்கோ பல மடங்கு கண்டுபிடிக்கும். காதுக்குக் கேட்காத அந்த ஆரம்பச் சேதத்தை வைத்துத்தான் உகாண்டாவில் ஓர் ஆய்வு நடந்தது. 818 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மட்டும் நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களில் 0.8% பேருக்கும் போடாதவர்களில் 8.2% பேருக்கும் நோய் முற்றியிருந்தது. 2021-இல் வெளியான இந்த முடிவு, பழைய மலிவான ஊசி ஒன்றின் மதிப்பைத் திரும்பவும் காட்டியது.

நம் ஊரில் அதை ‘பெனிடியூர்’ என்ற பிராண்டு பெயரில்தான் பலருக்கும் தெரியும். பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட், பொதுவாக 21 நாளுக்கு ஒரு தடவை, இடுப்பில் ஆழமாக. பொடியைக் கரைத்தால் பால் மாதிரி கெட்டியாக நிற்கும், மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். அதனால் தடித்த ஊசியால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், வலிக்கும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், படுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளுங்கள், போட்டதும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புங்கள். சிலருக்கு 21 வயதில் நிறுத்தலாம், சிலருக்கு 25. வால்வில் சேதம் தங்கிவிட்டவர்களுக்கு 40 வயது வரைகூடத் தொடரச் சொல்வார்கள். எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்ல வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது.

இந்தத் தொழில் வட்டாரத்தில் எனக்குக் கவலை தருவது இதுதான். பத்து வயதிலிருந்து ஊரில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன பெண், டிப்ளமோ முடித்துப் பத்தொன்பது வயதில் சுங்குவார்சத்திரத்துக்கு வருகிறாள். ஊசி அட்டை ஊரிலேயே பீரோவில் இருக்கிறது. இங்கே ஷிப்ட் வாரம் மாறினால் தூக்கம் மாறுகிறது, லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போகிறது, விடுதி அறையில் ஆறேழு பேர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண்கள் விடுதியில் மட்டும் 18,720 பேருக்கு இடம். நெருக்கமாகத் தங்கும் இடத்தில் ஒருத்திக்குத் தொண்டை கட்டினால் பக்கத்துக் கட்டிலுக்கும் வரும். ஊசி இல்லாத அந்த மாதங்களில் அவளுக்கு அது சாதாரணத் தொண்டைப்புண் இல்லை. தொண்டை விழுங்க முடியாத அளவுக்கு வலித்துக் காய்ச்சலும் இருந்தால், மாத்திரைக் கடையோடு முடித்துக்கொள்ளாமல் டாக்டரிடம் “எனக்கு ருமாட்டிக் இருந்திருக்கு” என்று சொல்ல வேண்டும்.

ஓடலாமா, தூக்கலாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. மைல்டு கசிவு உள்ள பிள்ளையை விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் உட்கார வைப்பதில் எந்த வைத்தியமும் இல்லை, பி.டி. வாத்தியாரிடம் “ஓட விடாதீங்க சார்” என்று எழுதிக்கொடுக்கும் அப்பாக்கள், டாக்டர் சொல்லாத பத்தியத்தைப் பிள்ளைக்கு வைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு சமயத்தில், இதயத்தில் கோளாறே இல்லாமல் முணுமுணுப்புச் சத்தம் மட்டும் கேட்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களுக்கு அசெம்பிளி லைனில் நிற்பது, நைட் ஷிப்ட், படி ஏறுவது எல்லாம் சரிதான். பைகஸ்பிட் வால்வோடு பெருந்தமனியும் விரிந்திருப்பவர் மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரும் பாரம் தூக்கும் வேலையைத் தவிர்க்க வேண்டும். அது டாக்டர் கடிதத்தோடு பேச வேண்டிய விஷயம். மெடிக்கலில் மறைப்பதைவிட, ‘இந்த வேலைக்குத் தகுதியானவர்’ என்று இதய டாக்டர் எழுதிய ஒரு பக்கத்தை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்வது பலன் தரும்.

பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டுப்போன பல், ஈறு வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறிச் சேதமான வால்வில் குடியேறலாம். இரண்டு வேளை பல் துலக்குவது இந்த வியாதிக்கு மருந்து மாதிரிதான். பல் பிடுங்குமுன் எல்லா வால்வு நோயாளிக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது பழைய வழக்கம்; 2007-க்குப் பிறகு அமெரிக்க வழிகாட்டி அதைச் செயற்கை வால்வு வைத்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. உங்களுக்குத் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் விடாமல் அடித்தால், மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வால்வில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் ரத்தக் கல்ச்சரில், மருந்து போட்டபின் எதுவும் வளராமல் போகலாம்.

பெண்களுக்கு இரண்டு சங்கதி கூடுதல். தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டும். படபடப்பும் மூச்சிரைப்பும் வால்வால் வருகிறதா, சோகையால் வருகிறதா என்று தெரியாமல் போகும். ஹீமோகுளோபின் பார்ப்பது எக்கோவைவிட மலிவு. அடுத்தது கர்ப்பம். அப்போது ரத்தத்தின் அளவு 40–50% கூடுகிறது. மைல்டு கசிவு அதைத் தாங்கும். சுருக்கம் இருந்தால், அதாவது ரிப்போர்ட்டில் எம்.எஸ். என்று இருந்தால், லேசானதாகச் சொல்லப்பட்டிருந்தாலும் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். சம்பந்தம் கெட்டுவிடும் என்று ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடும் வீடுகள் இருக்கின்றன. ஏழாம் மாதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வரும் பெண்ணிடம் எந்த வால்வு, எவ்வளவு என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லாமல் போவது, அந்தச் சம்பந்தத்தைவிடப் பெரிய நஷ்டம்.

மைல்டுக்கு எக்கோ 3-லிருந்து 5 வருடத்துக்கு ஒரு தடவை போதும். வளரும் பிள்ளைக்கு அடிக்கடி, மாடரேட் ஆனால் வருடம் ஒன்றிரண்டுக்கு ஒருமுறை. நடுவில் படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினால், படுத்தால் மூச்சுமுட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தால், வேலையில் மயங்கி விழுந்தால், நாடி தாறுமாறாக ஓடினால், கால் வீங்கினால் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே போக வேண்டும்.

செலவுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவரிடம் 0.75% பிடிப்பார்கள், கம்பெனி 3.25% கட்டும், உங்களைச் சார்ந்த அப்பா அம்மாவுக்கும் அதில் வைத்தியம் உண்டு. டிஸ்பென்சரியில் காட்டி, ரெஃபர் வாங்கி, கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்குப் போகலாம். காண்ட்ராக்டர் மாறும்போது புது நம்பர் போடவிடாமல் பழைய ஈ.எஸ்.ஐ. நம்பரையே கொடுங்கள், இல்லாவிட்டால் கட்டிய மாதங்கள் கணக்கில் சேராமல் அலைய வேண்டியிருக்கும். சொந்தமாக மெடிக்கல் பாலிசி எடுப்பவர் வால்வு விஷயத்தை எழுதித்தான் ஆக வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் 3 வருடத்தைத் தாண்டக் கூடாது. எக்கோ ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து, உங்கள் நம்பருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். அடுத்த தடவை எக்கோ பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது பழைய ரிப்போர்ட்டைத்தான்.